உன் நைனா இன்னும் குதிரையை விட்டு இறங்கவில்லை

கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே பழவேற்காடு ஏரி, இரண்டுக்கும் நடுவே கிடக்கும் மணல் மேட்டுக்கு முடிசூடாச் சக்கரவர்த்தியும், தும்மினால் கலங்கரை விளக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்பதால் துண்டை வாயில் வைத்துக்கொண்டே தும்முகிறவனும், டச்சுக்காரன் கோட்டை கட்ட வந்தபோது "அப்படி ஓரமா கட்டிக்கோ" என்று இடம் காட்டிவிட்ட பரம்பரையில் பிறந்தவனுமாகிய உன் சின்ன நைனா, லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து, அயர்லாந்து தேசத்தின் மேற்குக் கரையில் போட் எஞ்சின்களுக்கு வைத்தியம் பார்க்கும் வேலுவுக்கு எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் அம்மாவும் நலம். இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லும்போது நடுவில் நீ அழுவாய், இல்லாவிட்டால் நான் அழுவேன், பிறகு இரண்டு பேருமே சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்லி வைத்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன். இது உனக்கு மட்டுமான கடிதமும் அல்ல. நீ கட்டிக்கொள்ளப்போகிற நோராவையும் அவள் அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்து, அவர்கள் மொழியில் படித்துக் காட்டு. எங்கேயும் குறைக்காதே. என் வீரதீரங்களை மட்டும் வேண்டுமானால் கொஞ்சம் கூட்டிச் சொல்.

உன்னை நான் வளர்த்தேன் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். நான் சொன்ன புளுகுகளிலேயே எனக்குப் பிடித்த புளுகு அது. உன் நைனா, என் அண்ணன், கடலோடு போன பிறகு நீயாகத்தான் வளர்ந்தாய். நான் பக்கத்தில் நின்று பெருமை அடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். நீ "சின்ன நைனா" என்று கூப்பிடும்போதெல்லாம், அந்த "சின்ன" காற்றில் போகட்டும், மீதி மட்டும் காதில் விழட்டும் என்று நான் காதைத் திருப்பிக்கொண்டு நின்றதுண்டு. அந்த உரிமையில்தான் உன் கல்யாணப் பத்திரிகை அடிக்க உன் அம்மாவோடு, என் அண்ணியோடு, பொன்னேரிக்குப் போனேன். அங்கே நடந்ததை ஃபோனில் பாதிதான் சொன்னேன். முழுதும் கேள்.

அச்சாபீஸில் ஒரு பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பெண் வீட்டுப் பெயர்களை எழுத்துக் கூட்டி அடித்துக்கொண்டிருந்தான். அயர்லாந்துப் பெயர்களில் பாதி எழுத்து சும்மா வேடிக்கை பார்க்க வந்தவை என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் உன் நைனா பெயரைக் கேட்டான். சொன்னேன். "அப்பா இருக்காருங்களா?" என்றான். பத்திரிகை அடிக்கிறவன் கேட்டாக வேண்டிய கேள்விதான். அவன்மேல் தப்பே இல்லை. "காலஞ்சென்ற" என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணி, "திருன்னு போடுப்பா" என்றார். பையன் அண்ணியின் நெற்றிப் பொட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "திரு" என்று அடித்துவிட்டான். ஒரு திமிங்கிலத்தை மீசையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டவன் நான். அந்த ஒரு சொல்லை இழுத்துப் போட முடியாமல் சும்மா நின்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தார். காட்டூர் தாண்டின பிறகுதான் பேசினார். "நம்ம வேலு ஒரு கதை சொன்னான் தம்பி, குதிரைக்காரன் கதை. உங்கிட்ட சொன்னானா?" என்றார். "இல்லையே அண்ணி" என்றேன். "கேளு, நல்ல கதை" என்றார்.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ கதையைச் சொன்னாய். பிறகு, "நான்தான் சின்ன நைனா கெடுத்துட்டேன். அம்மாவுக்கு ஆறுதலா இருக்கும்னு நோரா அப்பா சொன்ன கதையை எடுத்துச் சொன்னேன். இப்போ அம்மா, நைனா அந்தத் தேசத்துல உயிரோட கீறாருன்னே நம்பிடுச்சு. நீதான் பேசி மாத்தணும்" என்றாய். என்ன கொடுமை பார். இந்தக் கடற்கரையிலேயே பெரிய புளுகனைக் கூப்பிட்டு, போய் உண்மையைச் சொல்லிவிட்டு வா என்கிறாய். ஒன்று சொல்கிறேன். வானத்துக்குக் கீழே இருக்கிற எல்லாவற்றையும் பற்றிப் புளுகியிருக்கிறேன். ஏரியில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நிற்பது நான் போட்ட உத்தரவு என்று வெளியூர்க்காரர்களை நம்ப வைத்திருக்கிறேன். உன் நைனா விஷயத்தில் மட்டும் நானும் வாய் திறந்ததில்லை. பொய்யும் சொன்னதில்லை, நிஜமும் சொன்னதில்லை.

சரி, அந்தக் கதைக்கு வருகிறேன். நீ சொன்னதை நான் எப்படி வாங்கிக்கொண்டேன் என்று உனக்கும் தெரிய வேண்டும். அயர்லாந்தின் அந்தக் காலத்துக் கெல்டிக் ஜனங்களுக்கு மேலோகம் வானத்தில் இல்லையாம். கடலுக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறதாம். இளமை நாடு என்று அதற்குப் பெயர். அங்கே நோய் கிடையாது, மூப்பு கிடையாது. ஒரு நாள் வெள்ளைக் குதிரையில் அலைமேலேயே ஏறி ஒரு பெண் வருகிறாள், இந்தப் பக்கத்துக் கரையில் நிற்கிற ஒரு வீரனைப் பார்க்கிறாள், பின்னால் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறாள். (இந்த இடத்தில் அண்ணி சிரித்தாராம், "இது நம்ம வூட்டுக் கதைதான்டா, மேல சொல்லு" என்று.) அங்கே கொஞ்ச காலம் சந்தோஷமாக இருந்தவனுக்கு ஊர் ஞாபகம் வருகிறது. போய்ப் பார்த்துவிட்டு வா, ஆனால் குதிரையை விட்டு இறங்காதே, கால் தரையில் படக்கூடாது என்று சொல்லி அனுப்புகிறாள். வந்து பார்த்தால், இங்கே முந்நூறு வருஷம் ஓடிப்போயிருக்கிறது. அவனை அறிந்தவர்கள் ஒருத்தரும் இல்லை. வழியில் சில பேர் ஒரு பெரிய கல்லைத் தூக்க முடியாமல் தவிக்கிறார்கள். குதிரைமேல் இருந்தபடியே குனிந்து கை கொடுக்கிறான். சேணத்தின் வார் அறுந்து கீழே விழுகிறான். கால் தரையில் பட்டதும் முந்நூறு வருஷ மூப்பும் ஒரே நொடியில் அவன்மேல் வந்து இறங்கிவிடுகிறது.

இதோடு இன்னொன்றும் சொன்னாய். அவர்களுடைய கடல் ராஜாவுக்குக் கடல் கடலாகவே தெரியாதாம். நாம் அலை என்று பார்ப்பது அவனுக்குப் பூ மண்டிக் கிடக்கிற புல்வெளியாம், அதில் ரதம் ஓட்டிக்கொண்டு போவானாம். அதைக் கேட்டுவிட்டு அண்ணி என்ன சொன்னார் என்று நீ சொன்னபோதுதான் எனக்கே பயம் வந்தது. "பூவா? உங்க நைனாவுக்குப் பூ வாசம் ஆவாதே, தும்மிக்கினே இருப்பாரே." அதைச் சொன்னபோது அண்ணியின் குரலில் அழுகையே இல்லை என்றாய், கடைக்குப் போனவரைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினார் என்றாய். எனக்கும் அப்படித்தான் பட்டது, அண்ணி அந்தப் புல்வெளியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டார் என்று. நீ சின்னப் பையனாக இருந்தபோது ஒரு நாள் உன் நைனா, காற்று மாறுவதற்குள் வலையை எடுத்து வருகிறேன் என்று தனியாகப் போனார். போட் மட்டும் கவிழ்ந்து கரைக்கு வந்தது. குப்பத்தில் யாரும் கடலுக்குப் போகவில்லை, ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. தேடின இடமெல்லாம் தேடியும் உடம்பு கிடைக்கவில்லை. உடம்பைப் பார்க்காமல் எப்படிப் பொட்டை அழிப்பது என்று அண்ணி ஒரே கேள்வி கேட்டார். பெரிய மனுஷர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். அன்றையிலிருந்து ஆடி அமாவாசைக்கு எல்லா வீட்டிலும் படையல் உண்டு, நம் வீட்டில் மட்டும் சாதாரணச் சோறு.

நீ கடைசியாகச் சொன்னதுதான் என்னை ரொம்பவும் ஆட்டிவிட்டது. அங்கே குளிர்காலம் பிறக்கிற நாளில், போனவர்கள் எல்லாம் வீட்டுக்கு வந்துபோவார்கள் என்று பழைய நம்பிக்கை. சாப்பாட்டு மேஜையில் அவர்களுக்கும் தட்டு வைப்பார்களாம். போன தடவை நோரா அப்பா ஒரு தட்டு கூடுதலாக வைத்துவிட்டு, உன்னிடம் உன் நைனா பெயரைக் கேட்டாராம். நீயும் சொல்லிவிட்டாயாம். தன் வீட்டில் செத்தவராக ஒரு தடவைகூடச் சாப்பிடாத மனுஷனுக்கு, அவர் கண்ணாலும் காணாத தேசத்தில் தட்டு வைத்திருக்கிறார்கள். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் நீ பாதிக் கதையோடு நிறுத்திக்கொண்டாய் போலிருக்கிறது. இப்போது பத்திரிகையில் "திரு" என்று போட்டால் நீ சாப்பிட்ட அந்தச் சாப்பாடு பொய். "காலஞ்சென்ற" என்று போட்டால் உன் அம்மா இத்தனை வருஷம் வைத்திருந்த பொட்டு பொய். அதோடு நம்ம ஜனங்களும் சும்மா இருக்கமாட்டார்கள். அந்த ஒரு சொல் அச்சானதும், உன் அம்மாவை மணவறைக்குப் பின்னால் எங்கேயாவது நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். இந்த இரண்டு கல்லையும் என் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நான் அண்ணியைத் தேடிப் போனேன்.

அண்ணி கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். நல்ல வெயில். காக்கையை ஓட்டுகிற சாக்கில் நானும் போய் உட்கார்ந்தேன். பழக்க தோஷத்தில், நேற்று ஏரியில் ஒரு இறால் பிடித்தேன், அதன் மீசையால்தான் போட்டைக் கட்டிப் போட்டிருக்கிறேன் என்று ஆரம்பித்தேன்.

"மீசையை அவுத்துட்டு விஷயத்துக்கு வா" என்றார் அண்ணி. "வேலு இன்னா சொல்லி அனுப்புனான்?"

"இல்ல அண்ணி, அந்தக் கதை... கதைதான் அது. அவங்க ஊர்ல குளுரு ஜாஸ்தி. வேலை இல்லாதப்போ அடுப்பு பக்கத்துல குந்திக்கினு இப்படிப் பேசுவாங்க. நம்ம அண்ணன்..."

"உங்க அண்ணன்?"

தட்டைப் பற்றிச் சொன்னேன். மறைக்காமல் சொன்னேன், நோரா அப்பா பெயர் கேட்டதையும் நீ சொன்னதையும். அண்ணியின் கை கருவாட்டின் மேல் அப்படியே நின்றது. "தட்டுல இன்னா வெச்சாங்களாம்?" என்று கேட்டார்.

"உருளைக்கெழங்கும் மீனும் போல."

"இன்னா மீனு?"

"அது தெரியலையே அண்ணி."

"கேட்டுச் சொல்லு. மடவை இல்லாம அவர் சோத்துல கை வெக்க மாட்டாரு. தெரியாத ஊர்ல போய் பசியோட எழுந்திருப்பாரு."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அண்ணி கருவாட்டைப் புரட்டிக்கொண்டே பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், வேலு. இதில் என் சரக்கு ஒரு சொல்கூட இல்லை.

"நீயும் வேலுவும் என்னைப் பைத்தியக்காரின்னு நெனச்சிட்டீங்களா? போட்டு கவுந்து வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும் தம்பி. கடல்காரன் பொண்டாட்டிக்குத் தெரியாதா? அவன் கதை சொல்லும்போது அந்தப் பூவு, புல்லு, சாவே இல்லாத நாடு, அதெல்லாம் ஒரு காதுல கேட்டுக்கினேன். கடைசில அந்த ஆளு கீழ வுழுந்தான்னு சொன்னான் பாரு, அங்கதான் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. முந்நூறு வருசமா குதிரை மேலயே குந்தியிருந்தா இடுப்பு இன்னாத்துக்கு ஆவறது? எறங்கிட்டான் பாவம். காலு தரையில பட்டுச்சு, வயசு வந்துச்சு, கண்ண மூடிக்கினான். உங்க அண்ணன்தான் இன்னும் எறங்கல. நான்தான் எறங்க வுடல."

"அப்போ அச்சாபீஸ்ல திருன்னு ஏன் சொன்னீங்க அண்ணி?"

"பின்ன? மிசினு சத்தத்துல, முன்னப்பின்ன தெரியாத புள்ள கேக்குறான், அங்க வெச்சா அத்த நான் சொல்லுவேன்? நான் மொதல்ல அவருகிட்ட சொல்ல வேணாமா? இத்தினி வருசம் குடுத்தனம் பண்ணவருய்யா. அச்சடிச்ச காகிதத்தைப் பாத்தா அவரு தெரிஞ்சிக்கணும்?"

வேலு, நீயும் நானும் அண்ணி கதையின் முன்பாதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் என்று நினைத்து, எப்படிக் கையைப் பிரித்து விடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தோம். அண்ணி நமக்கு முன்னாலேயே பின்பாதிக்குப் போய் நமக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நோரா அப்பாவிடம் இதைச் சொல். அவர்களுடைய பழைய கதையை ஆயிரம் பேர் படித்து ஆயிரம் விதமாக அர்த்தம் சொல்லியிருக்கலாம். சாகாத நாட்டை எல்லாரும் விரும்புவார்கள். கீழே விழுந்ததைப் பார்த்து ஒரு மனுஷி மூச்சு விட்டாள் என்பதை அவர் கேள்விப்பட்டிருக்கமாட்டார். அந்தக் கதையை உண்டாக்கின புண்ணியவான்கள் கடல் தாண்டி எங்கேயோ இருந்துகொண்டு, உடம்பு கிடைக்காத எங்கள் குப்பத்து வீடுகளுக்கு ஒரு வழி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் செத்தவர்களை வழியனுப்பத்தான் பழகியிருக்கிறோம். போகாதவரை என்ன செய்வது, இறங்காதவரை எப்படி இறக்குவது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இன்னொன்றும் எனக்குத் தோன்றியது, இது உன் கல்யாணத்துக்காகவே சொல்வது. அந்தக் குதிரைக்காரன் இறங்கக்கூடாது என்று தெரிந்தவன். அவன் தாகத்துக்காகக் குனியவில்லை, ஆசைக்காகக் குனியவில்லை. யாரோ நாலு பேர் கல்லைத் தூக்க முடியாமல் நிற்கிறார்கள் என்று குனிந்தான். நம் கரைவலையில் கயிற்றை இழுக்கிறபோது, போகிற வருகிற ஆள்கூட ஓடி வந்து கை போடுவானே, கை போட்ட எவனுக்கும் மீனில் பங்கு உண்டு என்று கொடுப்போமே, அந்த ஜாதி மனசு அது. உன் நைனாவும் அப்படித்தான். குடும்பம் நடத்தும்போது நீயும் குதிரைமேல் உட்கார்ந்தே நியாயம் பேசாதே. நோரா ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு தவித்தால், அது உப்புப் போதாத குழம்பாக இருந்தாலும் சரி, நம்ம ஊருக்கு வந்த இடத்தில் பிடிக்கிற ஏக்கமாக இருந்தாலும் சரி, குனிந்துவிடு. வார் அறுந்தால் அறுந்துபோகட்டும். கொஞ்சம் வயசாகும், அவ்வளவுதான். ஒன்றாகச் சேர்ந்து வயசாவதற்குத்தானே கல்யாணமே.

மணவறை விஷயத்தையும் கேட்டேன். பத்திரிகையில் அந்தச் சொல் வந்துவிட்டால் நாலு பேர் பேசுவார்களே என்றேன். "பொட்டு நான் வெச்சது, நானே வெச்சிக்கிறேன்" என்றார் அண்ணி. "தாலித் தட்டை என் கையாலதான் எடுத்துக் குடுப்பேன். அவருக்கும் சேத்து நான்தான் நிக்கணும், வேற யாரு நிப்பாங்க? எவளாவது வாயைத் தொறந்தா அது உன் பாடு. இத்தினி வருசமா திமிங்கலத்த இழுத்தேன்னு சொல்லிக்கினு திரியறியே, இத்த இழு பாக்கலாம்." நான் கருவாட்டின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். கல்யாணத்தன்று குறுக்கே எவராவது வந்தால், தும்மிவிடுவேன், துண்டில்லாமல்.

இனி உன் வேலை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் வருகிறேன் என்றாய். அது போதாது, முன்னாலேயே கிளம்பி வா. முடிந்தால் நோராவையும் கூட்டி வா. நம்ம ஆட்கள் கடலுக்குப் போகும்போது செருப்பைக் கரையில் கழற்றிவிட்டுத்தானே போவார்கள். அன்றைக்குப் போட் திரும்பின பிறகும், உன் நைனாவின் நீல வார் செருப்பு மணலில் அப்படியே கிடந்தது. அண்ணி அதை எடுத்துக் கழுவி, வாசல் நிலைக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். வீட்டை இடித்துக் கட்டினோம், ஆணி மாறிற்று, செருப்பு மட்டும் திரும்பவும் அதே உயரத்துக்குப் போனது. இத்தனை வருஷத்தில் அது ஒரு தடவையும் தரையைத் தொட்டதில்லை, அண்ணி தொடவிட்டதில்லை. வெயிலில் ரப்பர் வெடித்து, வார் கல்லாகிப்போய்க் கிடக்கிறது. சின்ன வயசில் அதன் கீழே போகும்போதெல்லாம் நீ தலையைக் குனிந்துகொண்டுதான் போவாய், எட்டாத உயரத்தில் இருக்கிற அதற்கு ஏன் குனிகிறாய் என்று நான் கேட்டதே இல்லை.

அதை இறக்க வேண்டும் என்கிறார் அண்ணி. எடுத்துக்கொண்டு போய் அவர் கழற்றிவிட்ட இடத்திலேயே, ஈர மணலில், வீட்டைப் பார்த்த மாதிரி வைப்பாராம். வைத்துவிட்டு, "எறங்கிக்கய்யா, புள்ளைக்குக் கல்யாணம்" என்று சொல்வாராம். அலை எடுத்தால் எடுத்துக்கொள்ளட்டும். பிறகு வீட்டுக்கு வந்து மடவைக் குழம்பு வைத்து முதல் படையல் போடுவாராம். அதற்குப் பிறகுதான் பத்திரிகை. அச்சாபீஸ் பையனிடம் நான் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், பெண் வீட்டுப் பெயர்களை எல்லாம் அடித்துவை, மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கு முன்னால் இருப்பதை எடுத்துவிட்டு இடம் மட்டும் விட்டு வை என்று. "எவ்ளோ இடம் சார்?" என்றான். ஒரு ஆள் இறங்கி நிற்கிற அளவுக்கு என்றேன். நான் வழக்கம்போல ஏதோ உளறுகிறேன் என்று நினைத்துத் தலையாட்டினான்.

செருப்பை யார் எடுத்துக் கொடுப்பது என்றுதான் பேச்சு வந்தது. "நீயே எடுத்துக் குடேன் தம்பி, வேலு எப்போ வருவானோ" என்று நேற்று அண்ணி கேட்டார். நிலைக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். உனக்கே தெரியும், நான் நிமிர்ந்து நின்றால் கலங்கரை விளக்கம் என் தோளுக்குத்தான் வரும், கை நீட்டினால் மேகத்தைப் பிழிந்து முகம் கழுவுவேன். அந்த ஆணி மட்டும் எனக்கு எட்டவில்லை, வேலு. ஸ்டூல் போட்டேன், அப்போதும் எட்டவில்லை. என் அண்ணன் மகன் கைக்குத்தான் எட்டும் போலிருக்கிறது அண்ணி என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

ஸ்டூலை இன்னும் அங்கேயிருந்து எடுக்கவில்லை.

உன் சின்ன நைனா